நிழல்வலையில் வளர்ந்த மிளகாய் நாற்று, வெயிலுக்கு வந்த மூன்றாம் நாளே வெளுத்துவிட்டது. ஏன்?

மாடிப்பந்தல்:
குழித்தட்டில் போட்ட மிளகாய், 50 சதவீதப் பச்சை நிழல்வலைக்குள் 35 நாள் அருமையாக வந்தது. போன ஞாயிறு பைக்கு மாற்றி நேர் வெயிலில் வைத்தேன். மண் ஈரமாகத்தான் இருந்தது, வாடவும் இல்லை. மூன்றாம் நாள் மேல் இலைகள் நரம்புக்கு நடுவே காகிதம் மாதிரி வெளுத்துப்போயின. ஆனால் இன்னொரு இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் அதே வடிவத்தில் பச்சையாக நிற்கிறது. பக்கத்து வீட்டு மாடியில் இதே ரகம் முளைத்த நாளிலிருந்து வெயிலில்தான் கிடக்கிறது, ஒரு குறையும் இல்லை. என் செடிக்கு மட்டும் என்ன ஆச்சு?

இலைநரம்பு:
அந்த நிழல் வடிவத்தைக் கவனித்தீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. சூட்டைவிட வெளிச்சம்தான் இதற்கு முதல் காரணம். உச்சி வெயிலில் பாதியைக்கூட மிளகாய் இலையால் சர்க்கரையாக்க முடியாது. மிச்ச ஆற்றல் சும்மா இருக்காது, இலையில் சர்க்கரை செய்யும் பச்சை நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்குள் ஓடும் எலக்ட்ரான்களில் கொஞ்சம் ஆக்சிஜனோடு ஒட்டி சூப்பராக்சைடு என்ற நஞ்சாகிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும், அப்புறம் அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் வைட்டமின் சி-யைச் செலவழித்து அதைத் தண்ணீராக்கிவிடும். எல்லாச் செடியிலும் பகல் முழுக்க நடக்கிற வேலை இது. ஆனால் இந்த நொதிகளை இலை எவ்வளவு செய்து வைத்திருக்கும் என்பது அது வளர்ந்த வெளிச்சத்தைப் பொறுத்தது. வலைக்குள் விரிந்த இலைக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுச் செடி முதல் நாளிலிருந்தே சேர்த்து வைத்திருக்கிறது. ஆமாம், என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

மாடிப்பந்தல்:
போர் தண்ணீர். பை விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இலைநரம்பு:
நிறைய உண்டு. பெராக்சைடை உடைக்க கேட்டலேஸ் என்று இன்னொரு நொதி இருக்கிறது. (இலையைக் கசக்கி, மருந்துக்கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டால் நுரை பொங்கும், அது இதன் வேலைதான்.) வெளிச்சமே இந்த கேட்டலேஸைக் கெடுத்துவிடும், அதனால் நல்ல இலை பகலெல்லாம் கெடக் கெடப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். உப்போ குளிரோ அந்த உற்பத்தியை மந்தமாக்கினால் கெடுவது மட்டும் தொடரும், கையிருப்பு சரியும். உங்கள் நாற்றுக்கு வெயிலும் உப்பும் ஒரே வாரத்தில் வந்திருக்கின்றன.

கரிசல்காடு:
வெளிச்சம் குறைந்தாலும் தொல்லைதான். நான் மக்காச்சோளம் போடுகிறேன். அட்ரசின் என்ற களைக்கொல்லி அடித்தால் களை சாகும், சோளம் நிற்கும். சோள இலையில் இருக்கிற குளுட்டாதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதி அந்த மருந்தோடு, செடியே செய்துகொள்ளும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறைக் கோத்து, அதைச் செயலிழக்க வைத்துவிடும். ஒருமுறை நாலைந்து நாள் மப்பும் குளிருமாக இருந்தபோது அவசரப்பட்டு அடித்தேன், என் பயிரே இலை விளிம்பில் மஞ்சளடித்து நின்றது. பயிர் சோர்ந்திருந்தால் நஞ்சை முறிக்கிற வேகமும் குறைந்துவிடுகிறது. செலவான குளுட்டாதயோனைப் புதுப்பிக்கப் பசுங்கணிகத்துக்குச் சக்தி கொடுப்பதும் பகல் வெளிச்சம்தானே.

விதைப்பெட்டி:
நாற்று விற்பவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரே நாளில் வலையை விட்டு எடுக்கவே கூடாது. முதல் இரண்டு நாள் காலை ஒன்பது மணி வரை மட்டும் வெயில், பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டுங்கள், ஏழு முதல் பத்து நாளில் தயாராகிவிடும். வெளுத்த பகுதி மறுபடி பச்சையாகாது, ஆனாலும் பாதி பச்சையுள்ள இலையைக் கிள்ளாதீர்கள், அதுதான் இப்போது செடிக்குச் சோறு போடுகிறது. வெயிலிலேயே விரியும் தளிர் தாங்கிக்கொள்ளும். சில ரகங்களில் தளிர் ஊதா காட்டும், பயப்பட வேண்டாம், அது வெயிலை மறைக்க இலையே பூசிக்கொள்ளும் சாயம்.

மாடிப்பந்தல்:
நன்றி அக்கா, நன்றி எல்லோருக்கும். பைகளைத் திருப்பி வலைக்குள் வைத்துவிட்டேன். டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீர் இருக்கிறது, இனி அதையே ஊற்றுகிறேன். பதினாறு செடியில் பதினொன்றில் நுனித் தளிர் பச்சையாகவே இருக்கிறது, நாளைக் காலை ஏழு மணிக்கு அவற்றை வெளியே எடுக்கிறேன்.