கலைச்சொல் வேண்டும்: ‘அப்சோனிங்’ (ஞாயிற்றுக்கிழமைக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

ஒஹாயோ மாநிலக் கொலம்பஸில் வார இறுதித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எட்டாம் நிலைப் பிள்ளைகள் வரும் ஞாயிறு ‘எங்கள் ஊர்’ என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஒரு மாணவி ஊரின் புதிய கட்டட விதிகளை எடுத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். 2010இல் 7,87,033 பேர் இருந்த ஊர் 2020 கணக்கெடுப்பில் 9,05,748 ஆகிவிட்டது. வீடு போதவில்லை, வாடகை ஏறுகிறது. 2024 ஜூலையில் நகர மன்றம் எழுபது வருடப் பழைய விதிகளை எடுத்துவிட்டு, பெரிய சாலைகளை ஒட்டிய சுமார் 12,300 மனைகளில் இன்னும் உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டலாம் என்றது. சில இடங்களில் 12 மாடி. குறைந்த வாடகை வீடுகளையும் சேர்த்துக் கட்டினால் 16. கார் நிறுத்த இத்தனை இடம் விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அந்த மனைகளுக்கு இல்லை. பத்தாண்டில் 88,000 வீடுகள் வரை வரக்கூடும் என்பது மாநகராட்சியின் கணக்கு.

இதைத்தான் ‘அப்சோனிங்’ என்கிறார்கள். பெண் அகராதியைப் புரட்டி ‘மேல்மண்டலமாக்கல்’ என்று எழுதி வந்தாள். ஒத்திகையில் முன்வரிசையில் இருந்த அவள் தாத்தா, “வானிலை அறிக்கையாம்மா?” என்று கேட்டுவிட்டார். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ஒரு சொல் கொடுங்கள்.

– கி., கொலம்பஸ்

---

தம்பி கி.,

‘மண்டலம்’ வடசொல். அதைக் கழித்துவிட்டுத் தொடங்குவோம். நம்மிடம் சொல் இல்லையா என்ன? சிலப்பதிகாரப் புகார் இரண்டு கூறு: கடலோரம் கைவினைஞரும் யவனரும் பரதவரும் இருந்த மருவூர்ப்பாக்கம், உள்ளே அரச வீதியும் பெருவணிகர் தெருவும் அமைந்த பட்டினப்பாக்கம், இடையில் நாளங்காடி. ஊரைக் கூறு கூறாகப் பிரித்து எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் சோனிங் இதுவல்லாமல் வேறென்ன? ஆகவே ‘பாக்கம்’ என்றால் சோன், ‘பாக்கமுறை’ என்றால் சோனிங், ‘பாக்க உயர்த்தம்’ என்றால் அப்சோனிங்.

பகு > பக்கம் > பாக்கம் என்பது என் துணிபு. பிளந்து தின்னும் ‘பாக்கு’ம் இவ்வடியினதே என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

– ப., குடந்தை

---

ஐயா, நான் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் சேப்பாக்கம், ஒரு பக்கம் கோடம்பாக்கம். இங்கே ‘பாக்க உயர்த்தம்’ என்று சொன்னால் மேம்பாலம் வரப்போகிறது என்று கடைக்காரர்கள் வழக்குப் போடுவார்கள்.

கட்டட வரைபட அனுமதிதான் என் பிழைப்பு. கோப்பில் ‘குடியிருப்பு மண்டலம்’, ‘தளப்பரப்புக் குறியீடு’ (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு). இந்தக் குறியீடு மேஸ்திரி, தரகர், மனைக்காரர் எல்லாருக்கும் ‘எஃப்.எஸ்.ஐ.’. 2019 விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கு அது 1.5இலிருந்து 2 ஆனபோது, “எஃப்.எஸ்.ஐ. ஏத்திட்டாங்க சார், இன்னொரு தளம் போட்டுரலாமா?” என்று ஒரே நாளில் நாலு போன். அதுவும் அப்சோனிங்தானே?

அப்புறம், மண்டலம் வடசொல்லாகவே இருக்கட்டும். தொண்டைமண்டலம், கொங்குமண்டலம் என்று காலங்காலமாக எழுதியாயிற்று. லேகியத்தை ஒரு மண்டலம் சாப்பிடும்போது வடமொழி வயிற்றைக் கடிக்கிறதா?

– சி., சென்னை

---

எங்கட பக்கம் சோனுக்கு ‘வலயம்’ எண்டுதான் பழக்கம். வலயக் கல்விப் பணிமனை எண்டு ஊருக்கு ஊர் பலகை இருக்கு. அதையும் ஒருக்கால் யோசியுங்கோ.

கி. தம்பியிடம் ஒரு கேள்வி: அந்த 12 மாடி நிலத்தோட சேர்த்தா, சேர்க்காமலா?

– யோ., மட்டக்களப்பு

---

சேர்த்துத்தான் அண்ணா. இங்கே தரைத்தளமே முதல் தளம். இதனால் வகுப்பில் பாதி நேரம் போயிற்று. “முதல் மாடி” என்று பிள்ளைகள் சொன்னால் தாத்தா பாட்டிகள் படியேறுவதாக நினைக்கிறார்கள்.

– கி.

---

எங்கள் ஊரில் அதற்கு ‘ஜி பிளஸ் லெவன்’ என்று சொல்லி முடித்துவிடுவோம்.

– சி.

---

வலயம் வேண்டாம். வளை, வளையம், வலயம் என்ற உறவில் எது தாய், எது சேய் என்பது பெரிய வழக்கு, பிறகு வைத்துக்கொள்வோம்.

மாடிக் குழப்பத்துக்கு மருந்து ‘நிலை’. எழுநிலை மாடம் என்றால் தரையிலிருந்தே ஏழு. கோபுரத்தை எண்ணுவதும் அப்படித்தான். எவனும் ஜி பிளஸ் சிக்ஸ் கோபுரம் என்று சொன்னதில்லை. பாக்கம் பிடிக்காவிட்டால் ‘நிலையேற்றம்’ என்று வையுங்கள்.

– ப.

---

‘நிலை’ அருமை ஐயா, மாடிக்குப் பதில் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘நிலையேற்றம்’ எங்கள் ஊருக்குப் பொருந்தாது.

மினியாபொலிஸில் 2018 டிசம்பரில் 12க்கு 1 என்ற வாக்கில் ஒரு திட்டம் நிறைவேறியது. 2020இலிருந்து, ஒரு மனைக்கு ஒரு குடும்பம் மட்டுமே என்றிருந்த தெருக்களிலும் மூன்று வீடுகள் வரை கட்டலாம். உலகமே பேசிய அப்சோனிங் அதுதான், ஆனால் அந்தத் தெருக்களில் ஏறியது உயரம் அல்ல, குடித்தனங்களின் எண்ணிக்கை. சுற்றுச்சூழல் வழக்கில் சில காலம் நின்றும் போனது. கடைசியில் மாநிலச் சட்டமன்றம் 2024இல் புதுச் சட்டம் போட்டு வழிவிட்டது. இத்தனைக்கும் எங்கள் தெருவில் இதுவரை ஒரு மூன்று வீட்டுக் கட்டடமும் எழவில்லை. வந்ததெல்லாம் பெரிய சாலையோர அடுக்ககங்கள்.

ஆகவே உயரம், எண்ணிக்கை, பயன்பாடு மூன்றுக்கும் பொதுவாக ‘வரம்பு’ என்ற பொருள் சொல்லுக்குள் வர வேண்டும்.

– ரா., மினியாபொலிஸ்

---

ரா. சொன்னதும் ஔவைதான் நினைவுக்கு வந்தாள். “வரப்புயர நீர் உயரும், நீர் உயர நெல் உயரும், நெல் உயரக் குடி உயரும்.” வரப்பு, வரம்பு இரண்டும் ஒன்றுதான். ‘வரம்புயர்வு’ என்று வைத்தால் என்ன? கடைசியில் குடி உயர்வதும் உள்ளேயே இருக்கிறது.

– தே., மன்னார்குடி

---

அக்கா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘வரம்பு உயர்வு’ என்றால் பிப்ரவரி பட்ஜெட், வருமான வரி உச்சவரம்பு. வேறெதுவும் யாருக்கும் தோன்றாது. முன்னால் ‘கட்டு’ சேர்த்துக்கொள்ளலாமா? கட்டுவரம்பு உயர்வு.

– சி.

---

எங்கட வயல்களில வரப்பு எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்ல, வரம்புதான். அதால எனக்குச் சம்மதம். நீர் உயர வாடகையும் உயருமோ எண்டு ஔவை சொல்லேல்ல.

– யோ.

---

சேர்த்து எழுதினால் ‘கட்டுவரம்புயர்வு’. பிரித்தால் இரண்டு சொல். இரண்டு சொல்லில் வருவது விளக்கம், கலைச்சொல் அன்று. மேலும் ‘கட்டு’ என்றதும் கட்டுப்பாடு முன்னால் வந்து நிற்கிறது, நீங்கள் சொல்ல வந்ததோ தளர்வு. எனக்கு உடன்பாடில்லை.

– ப.

---

ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் சனிக்கிழமை இரவாகிவிட்டது. எனக்குக் கட்டுவரம்பு உயர்வு போதும்.

– ரா.

---

எனக்கும்.

– தே.

---

குழுவினருக்கு நன்றி. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஹை ஸ்ட்ரீட்டில் நடப்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினாள். அங்கே 670ஆம் எண் நெடுஞ்சாலையின் மேல் 2004இல் பாலத்தின் இரு பக்கமும் கடைகள் கட்டினார்கள். நடப்பவர்களுக்குக் கீழே பள்ளம் இருப்பதே தெரியாது. அதற்கும் கலைச்சொல் கேட்கலாம் என்றிருந்தேன். அவளோ, “கீழே கார் ஓடுறதே தெரியாத கடைத்தெரு” என்று சொல்லிப் போய்விட்டாள். எல்லாருக்கும் புரிந்தது.

‘கட்டுவரம்பு உயர்வு’ ஒரு முறை வந்தது. தாத்தா முகத்தைப் பார்த்தாள், நிறுத்தினாள், “அதாவது, முன்னாடி ரெண்டு நிலை கட்டின இடத்துல இப்போ அஞ்சு நிலை கட்ட விடுறது” என்றாள். தாத்தா பின்னால் திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி, “எஃப்.எஸ்.ஐ. ஏத்திட்டாங்களாம்” என்றார். வளசரவாக்கத்தில் வீடு கட்டியவராம்.

அடுத்த வாரம் இன்னொரு பையன் பேருந்து பற்றிப் பேசுகிறான். 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து விற்பனை வரியில் அரை விழுக்காடு கூட்டிக்கொண்டார்கள், விரைவுப் பேருந்துத் தடங்களுக்காக. ‘காரிடார்’ என்பதற்குத் ‘தாழ்வாரம்’ என்று எழுதி வைத்திருக்கிறான். பேருந்து வீட்டுக்குள் வருகிறது. இங்கே பேருந்துக் கழகத்தின் பெயரைச் சுருக்கிக் ‘கோட்டா’ என்பார்கள், அதற்கு என்ன விளக்கம் சொல்வேன் என்று இப்போதே பயமாக இருக்கிறது.

– கி.

---

வழித்தடம். முடிந்தது.

– சி.

---

எஃப்.எஸ்.ஐ. வென்றது என்று எவரும் மகிழ வேண்டாம். ‘எஃப்’இல் ஓர் ஆய்தம் இருக்கிறது, அந்த அளவில் எனக்கு ஆறுதல். ஆய்தத்துக்குப் பின் பகரம் வந்தால் அதை அப்படி ஒலிக்கச் சொன்னது யார் என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

‘பாக்கம்’ இன்னும் பரிசீலனையில் இருப்பதாகவே குறித்துக்கொள்க. வளசரவாக்கம் என்பதிலும் அதுதான் இருக்கிறது.

– ப., குடந்தை