கடலை மிட்டாய்க்கு 10 மைக்ரோகிராம் வரம்பு: கடலோரப் பட்டறைக்குக் கட்டுமா?

உச்சிப்புளி பட்டறை: நம்ம நாட்டு விதிப்படி, அப்படியே தின்கிற கடலைப் பண்டத்தில் பூசண நஞ்சான அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராம்தான் இருக்கலாம், பக்குவப்படுத்தப் போகும் பச்சைக் கடலைக்கு 15. வரம்போடு எனக்குச் சண்டை இல்லை, மாதிரி எடுக்கிற லட்சணத்தோடுதான். நஞ்சு எல்லாப் பருப்பிலும் பரவிக் கிடக்காது. தனிப் பருப்பு ஒன்றில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராம் கணக்கில்கூடப் பதிவாகியிருக்கிறது. அப்படி அரை கிராம் பருப்பு ஒன்றே ஒன்று விழுந்தால் 50 கிலோ மூட்டையின் சராசரி 10-ஐத் தொட்டுவிடும். அதிகாரி எடுக்கும் பொட்டலத்தில் அது மாட்டினால் நான் குற்றவாளி, மாட்டாவிட்டால் உத்தமன். இது பரிசோதனையா, லாட்டரியா?

கீழக்கரையான்: அண்ணே, லாட்டரி என்றால் மாதிரியைப் பெருசாக்கச் சொல்லணும். வியாபாரச் சரக்கான பச்சைக் கடலைக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதி) சொல்வது 20 கிலோ மாதிரி. அஃப்ளாடாக்சின் வகைகளில் கொடியதான பி1, உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியலில், மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் இருக்கிறது. ஐரோப்பாவில் நேரடியாகத் தின்கிற கடலைக்கு மொத்தம் 4. நம்ம 10-ஏ தாராளம்.

உச்சிப்புளி பட்டறை: 20 கிலோவை அரைக்கக் கொடுத்துட்டு நான் எதை விக்கிறது? அதுவும் போக, டிரம்மில் வறுக்கிறோமே.

கீழக்கரையான்: வறுத்தால் பூசணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. பி1 முழுசாகச் சிதைய 250 டிகிரிக்கு மேல் வேணும். கடலை வறுபடுவது 150, 170-இல். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாகு எதையும் கழுவாது.

பெரியபட்டினம் கிட்டங்கி: ரெண்டு பேரும் லேபிலேயே நிக்கிறீங்க. பிரச்சினை கிட்டங்கியில் இருக்கு. பருப்பில் ஈரம் 7 சதவீதத்துக்குள் இருந்தால் பூசணம் தலைகாட்டாது. ஆனா ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்று ஈரம் 70-க்குக் கீழே இறங்குதா? காய்ந்து வந்த சரக்கும் ஈரத்தை இழுக்கும். தகரக் கூரையா, இன்னும் மோசம்: பகலில் மூட்டைக்குள்ளிருந்து கிளம்பும் ஆவி ராத்திரி தகரத்தில் பட்டு வேர்த்து மேல்மூட்டையில் சொட்டும். நடுமூட்டையைக் குத்திப் பார்த்துட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பாங்க. மேல்வரிசையைப் பாருங்க. தரையில் கட்டை, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கு, மழைக்காலத்தில் பத்து நாள் சரக்குக்கு மேல் வாங்காதே.

தங்கச்சிமடம் 02: தண்ணியில் போட்டால் கெட்டது மிதக்குமே, அள்ளிப் போட்டா முடிஞ்சுது.

பெரியபட்டினம் கிட்டங்கி: மிதக்கிறதில் நிறையக் கெட்டதுதான், சரி. நனைஞ்ச மீதியைக் கார்த்திகையில் எங்கே காயப்போடுவே தம்பி? நல்லதையும் நீயே கெடுப்பே. வறுத்துத் தோல் நீக்கின பிறகு வெள்ளைத் துணியில் பரப்பிப் பொறுக்கு. தோல் விடாமல் ஒட்டினது, மற்றதைவிடக் கறுத்தது, சுருங்கினது, ஓட்டை விழுந்தது எல்லாம் வெளியே. பெரும்பாலும் நஞ்சு அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். கண்ணுக்கு நல்லாத் தெரியுறதிலும் கொஞ்சம் தப்பும், அதுக்குத்தான் பரிசோதனை.

உச்சிப்புளி பட்டறை: பொறுக்குறோம். கழிச்சது செக்குக்காரருக்குப் போயிடும்.

கீழக்கரையான்: அங்கேதான் கெட்டுது! ஆட்டினால் நஞ்சில் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கும், வடிகட்டாத எண்ணெயின் கசடிலும் வரும். பிண்ணாக்கு மாட்டுக்குப் போனால் பி1 அதன் உடம்பில் எம்1 என்ற நஞ்சாக மாறிப் பாலில் இறங்கும். அதுக்கும் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரம்பு இருக்கு. கழிவை அடுப்பில் போடுங்க.

உச்சிப்புளி பட்டறை: அடுப்பில் போடுற கடலைக்கு யார் காசு தருவா?

பெரியபட்டினம் கிட்டங்கி: வாங்கும்போதே சொத்தை சதவீதம் பேசி விலையில் கழிச்சுக்கோங்க. ஒரு கிலோவைத் தட்டில் கொட்டிப் பொறுக்கி எடை போட்டுக் காட்டினா, மூட்டைக்காரர் இறங்கி வருவார்.