வால்யூம் கீ அழுத்தினால் லேப்டாப் ஸ்பீக்கர் மட்டுமே மாறுகிறது: லினக்ஸ், மூன்று ஒலி வெளியீடுகள்

கேள்வி

வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் லினக்ஸ், ஐ3 விண்டோ மேனேஜர், ஒலிக்கு பைப்வயர். சத்தம் வர மூன்று வழிகள் உள்ளன: லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர், எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர், அப்புறம் ஒரு புளூடூத் ஹெட்செட்.

கீபோர்டின் வால்யூம் கீகள் லேப்டாப் ஸ்பீக்கரை மட்டுமே கூட்டிக் குறைக்கின்றன. மானிட்டரில் படம் ஓடும்போதோ ஹெட்செட்டில் கேட்கும்போதோ எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் மாறுவதில்லை. அப்படி அழுத்திவிட்டு ஹெட்செட்டை அணைத்தால், லேப்டாப் ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் அலறுகிறது. பக்கத்தில் குழந்தை தூங்குவதால் இது எனக்குப் பெரிய தொல்லை.

ஐ3 கான்ஃபிக் கோப்பில் இந்தக் கீகளுக்கு ஏமிக்ஸர் கட்டளைதான் இருக்கிறது: கார்டு 0 (முதல் ஒலி அட்டை), மாஸ்டர் (அதன் முதன்மை வால்யூம்), 5% கூட்டு அல்லது குறை. ஒலி அளவைச் சரிசெய்யும் பாவுகண்ட்ரோல் செயலியைத் திறந்து மவுசால் இழுத்தால் மூன்றும் ஒழுங்காகக் கேட்கின்றன. அதனால் டிரைவர் கோளாறாக இருக்காது. எதில் கேட்கிறேனோ அதன் சத்தம் மாற வேண்டும், அவ்வளவுதான்.

பதில் 1

காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஏமிக்ஸர் நேராக ஆல்சாவிடம், அதாவது லினக்ஸின் அடித்தள ஒலி அமைப்பிடம், பேசும் கருவி. கார்டு 0, மாஸ்டர் என்று சொல்லிவிட்டதால் அது அந்த ஒரு இடத்தை விட்டு நகராது. புளூடூத் ஹெட்செட் ஆல்சாவுக்கு ஒரு கார்டாகவே தெரியாது. எச்டிஎம்ஐ தெரியும், ஆனால் அதற்கு அங்கே பொதுவாக வால்யூம் கட்டுப்பாடு கிடையாது. ஐஇசி958 என்ற பெயரில் ஒரு ஆன்/ஆஃப் மட்டும் இருக்கும். பாவுகண்ட்ரோலில் மானிட்டர் சத்தத்தை உங்களால் குறைக்க முடிகிறது என்றால், பைப்வயர் அதை மென்பொருளிலேயே கணக்கிட்டுக் குறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம். ஆகவே கீயும் பைப்வயரிடம்தான் பேச வேண்டும்.

ஏமிக்ஸர் வரிகளை எடுத்துவிட்டு, பைப்வயரிடம் பேசும் டபிள்யூபிசிடிஎல் கட்டளையைப் போடுங்கள். முதலில் செட்-வால்யூம். சாதனத்தின் பெயர் வரும் இடத்தில் டிஃபால்ட் ஆடியோ சிங்க் (சிங்க் என்றால் ஒலி வெளியீடு) என்ற மூன்று சொற்கள்: ஆங்கிலப் பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோடு, முன்னும் பின்னும் அட் குறி. கடைசியில் 5%, அதன் பின்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி. பைப்வயருக்கு முந்தைய பல்ஸ்ஆடியோவின் கட்டளையான, இப்போதும் வேலை செய்யும் பிஏசிடிஎல்லில் இந்தக் குறி எண்ணுக்கு முன்னால் வரும். பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். கூட்டும் வரியில் மைனஸ் எல் 1.0 என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 100%-ஐத் தாண்டியும் ஏறும், ஒலி கரகரக்கும். மியூட் கீக்கு செட்-மியூட், கடைசியில் டாகிள்.

இணையத்தில் கிடைக்கும் ஐ3 மாதிரிக் கோப்புகளில் பல பைப்வயர் வருவதற்கு முன் எழுதப்பட்டவை. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 பதிப்புகளில்தான் அது இயல்பான ஒலி அமைப்பானது. க்னோம், கேடிஇ போன்ற முழு டெஸ்க்டாப் சூழல்களைப் பயன்படுத்துவோருக்கு இந்த வேலையே இல்லை. அவை தாமாகவே டிஃபால்ட் சாதனத்தைத்தான் மாற்றும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஹெட்செட்டுக்கு உடனே வேலை செய்தது. ஆனால் பிரவுசரில் வீடியோ ஓடும்போது மானிட்டரில் சத்தம் வருகிறது, கீ அழுத்தினால் இன்னும் லேப்டாப் ஸ்பீக்கர்தான் மாறுகிறது. மற்ற செயலிகளில் இப்படி இல்லை.

பதில் 2

பாவுகண்ட்ரோலின் பிளேபேக் பக்கத்தில் பிரவுசரை மட்டும் மானிட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறீர்களா பாருங்கள். அப்படிச் செய்தால் அது நினைவில் நிற்கும். டிஃபால்ட் லேப்டாப் ஸ்பீக்கராக இருந்தாலும் பிரவுசர் மட்டும் மானிட்டரிலேயே பாடும். கீ டிஃபால்ட்டைப் பின்தொடர்கிறது, சத்தம் வேறு இடத்தில் வருகிறது. அதே பக்கத்தில் பிரவுசரை டிஃபால்ட் சாதனத்துக்குத் திருப்பினால் தீர்ந்தது.

பிரித்தே வைக்க விரும்பினால் வேறு வழி உண்டு. பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ் என்று டெர்மினலில் கொடுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அந்த வெளியீட்டின் நிலை இருக்கும். இப்போது ஒலிப்பதற்கு நேரே ரன்னிங் என்று வரும். அந்த வரியைத் தேடி, இரண்டாவது பத்தியில் உள்ள பெயரை எடுத்து, அதற்கு மட்டும் வால்யூம் மாற்றும் சின்ன ஸ்கிரிப்டைக் கீயுடன் இணைத்துவிடலாம். எதுவுமே ரன்னிங் நிலையில் இல்லையென்றால் டிஃபால்ட்டை மாற்றும்படி ஒரு வரி கூடுதலாக வையுங்கள். பயன்படுத்துபவரின் காதுக்கு ஏற்ற முறை இதுதான் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

ஆமாம், பிரவுசர்தான் மானிட்டரில் மாட்டியிருந்தது. திருப்பிவிட்டேன், சரியாகிவிட்டது. இன்னும் ஒன்று: சில நேரம் மானிட்டரும் லேப்டாப் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், ஒரே கீயில் இரண்டும் ஏறி இறங்க வேண்டும். முடியுமா?

பதில் 1

முடியும். பிஏசிடிஎல் லோட்-மாட்யூல் கட்டளையில் மாட்யூல்-கம்பைன்-சிங்க் என்பதைச் சேர்த்து, ஸ்லேவ்ஸ் என்ற இடத்தில் அந்த இரண்டு வெளியீடுகளின் பெயர்களையும் கமா போட்டுக் கொடுங்கள். கூட்டு வெளியீடு ஒன்று புதிதாகத் தோன்றும். அதை டிஃபால்ட் ஆக்கினால் ஏற்கெனவே போட்ட கீ வரிகள் அப்படியே வேலை செய்யும். மானிட்டர் மெலிதாகவும் லேப்டாப் உரக்கவும் கேட்டால், பாவுகண்ட்ரோலில் தனித்தனியாக ஒருமுறை சமன் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு கீ இரண்டையும் சேர்த்தே நகர்த்தும்.

பைப்வயர் மறுபடி தொடங்கினால் இந்தக் கூட்டு மறைந்துவிடும். ஐ3 கோப்பில் எக்ஸெக் வரியாகப் போட்டால் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் உருவாகும். ஹெட்செட்டை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். புளூடூத் ஒலி சற்றுத் தாமதித்தே வரும், ஸ்பீக்கரோடு சேர்த்துக் கேட்டால் எதிரொலிபோல இருக்கும்.

பதில் 2

ஷிஃப்டோடு வால்யூம் கீயை அழுத்தினால் டிஃபால்ட் மாறும்படியும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு பிஏசிடிஎல் செட்-டிஃபால்ட்-சிங்க் கட்டளையில் பெயரைக் கொடுங்கள். டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் காட்டும் எண்ணைக் கொடுத்தால், ஹெட்செட் துண்டித்து மறுபடி இணையும்போது எண் மாறிவிடும். புளூடூத் வெளியீட்டின் பெயரில் அந்த ஹெட்செட்டின் சொந்த முகவரியே இருப்பதால் பெயர் மாறாது.