நாயின் அரிப்புக்கு மீன் எண்ணெய்: பலன் உண்டா, காசுக்குக் கேடா?

தலவாக்கலை மழை:
எங்கள் வீட்டுப் பொமரேனியனுக்கு 3 வயது, எடை 4 கிலோ. மே மாதம் மழை பிடித்ததிலிருந்து முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்குகிறது. வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டது. காதையும் சொறிகிறது. மிருக வைத்தியர் ஊசி போட்டார். கொஞ்ச நாள் நிம்மதி, பிறகு பழைய கதைதான். அடிக்கடி ஊசி போட எனக்கு மனம் ஒப்பவில்லை. மீன் எண்ணெய், புரோபயோட்டிக் தூள் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் அடங்கியது), ஒவ்வாமைக்கென்று விற்கிற மெல்லும் மாத்திரை ஆகியவற்றில் எதையாவது கொடுத்துப் பலன் கண்டவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை வாசி:
தங்கச்சி, யோசிக்காமல் மீன் எண்ணெய் கொடுங்கள். எங்கள் ஷிட்சுவும் இப்படித்தான் இரவெல்லாம் சொறிந்து எங்களையும் தூங்கவிடாமல் செய்தது. மீன் எண்ணெய் தொடங்கிச் சில மாதங்களில் அரிப்பு பாதியாகிவிட்டது. முடியும் பட்டுப்போல ஆகிவிட்டது. ஊசியை நிறுத்திவிடலாம்.

ஹட்டன் கொழுந்து:
முடி மினுங்குவது வேறு, அரிப்பு அடங்குவது வேறு. கொழுப்பு எதைக் கொடுத்தாலும் முடி மினுங்கும். அண்ணன், ஒரு கேள்வி: அந்தச் சில மாதங்களில் எண்ணெயைத் தவிர வேறு எதுவுமே செய்யவில்லையா?

பண்டாரவளை வாசி:
வாரம் ஒருமுறை மருந்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினோம். பிடரியில் விடுகிற தெள்ளு மருந்தையும் மாதந்தோறும் விட்டோம். அதனால் என்ன?

ஹட்டன் கொழுந்து:
அதனால் என்னவா? மூன்று காரியம் செய்துவிட்டு, புகழை ஒன்றுக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். நாய்க்கு அரிப்பு என்றால் முதலில் தேட வேண்டியது தெள்ளு. அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலைந்து கடியே போதும், நாள் கணக்கில் சொறியும். வெறும் கண்ணுக்குப் பூச்சி அகப்படாது, நாயே நக்கி விழுங்கிவிடும். ஆகவே இப்படிப் பாருங்கள். பல் நெருங்கிய சீப்பால் வாலடியையும் இடுப்பையும் வாருங்கள். வருவதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கறுப்புத் துகள் விழுந்து, அதைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளின் எச்சம். செரித்த இரத்தம். அப்படி இருந்தால் எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்துவிட்டுத் தெள்ளு மருந்து வாங்குங்கள். 'ஒவ்வாமை நிவாரணி' என்று பெயரிட்டு விற்கிற மாத்திரைகளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

ஹப்புத்தளைப் பெரியவர்:
தெள்ளு கீழ்நாட்டுச் சங்கதி. எங்கள் குளிரில் அது தங்காது. நாங்கள் தோட்டத்து லயன் வீட்டில் இருந்த காலத்தில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவோம், சோற்றில் இரண்டு பல் பூண்டு நசுக்கிப் போடுவோம். எந்த நாய்க்கு ஊசி போட்டார்கள்? எல்லாம் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாழ்ந்தன. இப்போது நாய்க்கும் கேப்சூல், அதற்கு ஒரு விவாதம்.

மிருக வைத்திய மாணவி:
பெரியவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், பூண்டு வேண்டாம். வெங்காயத்தைப் போலவே அதுவும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பெரிய நாட்டு நாய் தாங்கிக்கொண்ட அளவை 4 கிலோ உடம்பு தாங்காது. மஞ்சளும் வேப்பிலையும் பூசினால் நாய் அதை நக்கித்தான் தீரும். நக்குவதை நிறுத்தத்தானே இவ்வளவு பாடும்! குளிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழலாம். ஆனால் அடுப்படி மூலையில் நாய் படுக்கிற சாக்கில் உறைபனி விழுவதில்லையே. அந்தச் சூடும் ஈரமும் தெள்ளுக்குப் போதும். அதன் கூட்டுப்புழு மாதக்கணக்கில் விரிப்பின் அடியில் காத்திருக்கும். ஹட்டன் அண்ணன் சொன்ன தாள் சோதனையை அவசியம் செய்யுங்கள்.

ஆனால் தலவாக்கலை அக்கா சொல்கிற அறிகுறிகள் வேறு பக்கம் காட்டுகின்றன. தெள்ளு ஒவ்வாமை பெரும்பாலும் வாலடியிலும் இடுப்பிலும் தெரியும். பாதம், காது, முகம், அக்குள், வயிறு என்றால் வீட்டுத் தூசிப் பூச்சி, பூந்தாது போன்றவற்றால் வருகிற தோல் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். அது பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். முடி துருநிறமாவது எச்சிலின் கறை. காதில் புளித்த வாடை அடித்தால் மலசீசியா என்ற பூஞ்சையும் சேர்ந்திருக்கலாம். பூஞ்சை இருக்கும்வரை எந்தச் சத்து மாத்திரையும் அரிப்பை அடக்காது. வீட்டில் யாருக்காவது கையில் அரிப்புப் பொரி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சொறிப்பூச்சி மனிதரையும் கடிக்கும்.

மீன் எண்ணெய் விஷயத்தில் நான் ஹட்டன் அண்ணன் கட்சியும் இல்லை, பண்டாரவளை அண்ணன் கட்சியும் இல்லை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தோல் ஒவ்வாமை உள்ள 60 நாய்களுக்கு 12 வாரம் அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தார்கள். ஒரு பகுதிக்கு அதனுடன் மீன் எண்ணெயும் பொராஜ் என்ற செடியின் விதை எண்ணெயும் சேர்ந்த கலவை, மறு பகுதிக்கு வெற்று எண்ணெய். கலவை பெற்ற நாய்களுக்கு ஸ்டீரொயிட் குறைவாகவே தேவைப்பட்டது. வித்தியாசம் தெரிந்தது கடைசி வாரங்களில்தான். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு உயிரணுச் சவ்வில் போய்ச் சேர்ந்து அழற்சிப் பொருள்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. அந்த இடமாற்றம் ஒரே இரவில் நடக்காது. புரோபயோட்டிக்கைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. குவெர்செட்டின் என்ற தாவரச் சத்து, மஞ்சள் மாத்திரை போன்றவற்றுக்கு நாய்களில் சொல்லிக்கொள்ளும்படியான ஆதாரம் இல்லை.

பண்டாரவளை வாசி:
பார்த்தீர்களா ஹட்டன் தம்பி? ஆய்வே இருக்கிறது.

ஹட்டன் கொழுந்து:
பார்த்தேன். 'ஸ்டீரொயிட் குறைவாகத் தேவைப்பட்டது' என்பதுதான் ஆய்வு. 'ஊசியை நிறுத்திவிடலாம்' என்பது உங்கள் சொந்தச் சரக்கு. பாதத்தை இரத்தம் வர நக்குகிற நாயை 12 வாரம் எண்ணெயை நம்பி விட்டுவைப்பது கருணையா? ஒக்லாசிட்டினிப் என்ற மாத்திரை 2013-இலேயே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுவிட்டது. ஒரு நாளுக்குள் அரிப்பை அடக்கும். அதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா?

பண்டாரவளை வாசி:
விலையைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். தோட்டத்துச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவர்கள் மாதாமாதம் அதை வாங்க முடியுமா? பாமசியில் கிடைக்கிற மீன் எண்ணெய் எல்லோருக்கும் எட்டும்.

மிருக வைத்திய மாணவி:
பாமசி என்றதும் ஞாபகம் வருகிறது. '1000 மில்லிகிராம்' என்று போத்தலின் முன்பக்கம் இருப்பது எண்ணெயின் எடை. பின்பக்கம் திருப்பி ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 வகைகள் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சாதாரண வகையில் 180-உம் 120-உம், ஆக 300 மில்லிகிராம்தான் இருக்கும். தோல் ஒவ்வாமைக்குச் சொல்லப்படுகிற கணக்குப்படி 4 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 350 தேவை. அதாவது அந்தக் கேப்சூல் ஏறத்தாழ ஒன்று. அதையும் கால் பங்கில் தொடங்கிக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம். தொடங்குமுன் உங்கள் வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மீன் ஈரல் எண்ணெயை வாங்கிவிடாதீர்கள். அதில் விட்டமின் ஏ, டி அதிகம், சின்ன உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மனிதருக்கான இனிப்பு மெல்லும் மாத்திரையும் கூடாது, சைலிட்டோல் என்ற செயற்கை இனிப்பு சேர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. நாய்க்கென்று வருகிற மெல்லும் மாத்திரைகளில் கோழி, மாட்டிறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். பிறகு உணவு ஒவ்வாமையா என்று பார்க்க 8 வாரப் பத்தியம் வைக்கும்போது அந்தத் துண்டே பத்தியத்தைக் கெடுத்துவிடும். கேப்சூலின் மேல்தோல் ஜெலட்டினுக்கும் இதே விதிதான்.

தலவாக்கலை மழை:
எல்லோருக்கும் நன்றி. சீப்பால் வாரிப் பார்த்தேன், தாள் சுத்தமாக இருக்கிறது. எங்கள் யார் கையிலும் பொரி இல்லை. ஆனால் காதை முகர்ந்தேன், புளித்த தோசை மாவு வாடை. வரும் சனிக்கிழமை மறுபடியும் வைத்தியரிடம் கொண்டுபோகிறேன். எண்ணெயை இப்போதே தொடங்கலாமா, காது ஆறிய பிறகா?

ஹட்டன் கொழுந்து:
காது ஆறட்டும். இரண்டையும் சேர்த்துத் தொடங்கினால் எது கேட்டது என்று உங்களுக்கே தெரியாது. பிறகு நீங்களும் பண்டாரவளை அண்ணனைப்போல எண்ணெய்க்கு மாலை போடுவீர்கள்.

பண்டாரவளை வாசி:
அது வாயில்லாப் பிராணி தம்பி, உங்கள் ஆய்வுகூடம் இல்லை. எது கேட்டது என்பதா முக்கியம்? பலன் தெரியவே இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றால் இன்றைக்கே தொடங்குவதுதான் புத்தி.

ஹப்புத்தளைப் பெரியவர்:
இதையாவது கேளுங்கள்: மழையில் நனைந்து வந்தால் பாதத்தை விரலிடுக்கு வரை துடைத்துக் காயவையுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், ஆய்வும் வேண்டாம்.

மிருக வைத்திய மாணவி:
பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

தலவாக்கலை மழை:
பாதம் துடைப்பதை இன்றே தொடங்கிவிட்டேன். எண்ணெயைக் காது மருந்து முடிந்த பிறகுதான் கொடுக்கப்போகிறேன், பண்டாரவளை அண்ணன் மன்னிக்க வேண்டும். கலண்டரில் தினமும் அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வருகிறேன். இன்று 7.

பண்டாரவளை வாசி:
மன்னிப்பெல்லாம் எதற்கு? எண்ணெய் தொடங்கியதும் அந்த எண்களை இங்கே போடுங்கள். ஹட்டன் தம்பியும் பார்க்கட்டும்.