சுற்றாத வட்ட ரம்பம்: பழுதா, வேறு ஏதாவது கருவியா?

கருவேலமரம் (திங்கள், இரவு)

வணக்கம். திண்டுக்கல் பக்கம் சிறிய மரப்பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் பழைய இரும்புக் கடையில் ஒரு மின்ரம்பத்தை எடைக்கு வாங்கினேன். இருபத்தைந்து வருடத் தொழிலில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

உடம்பு அலுமினிய வார்ப்பு. டார்ச் லைட் போல ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது. முனையில் சிறிய கழுத்து, அதில் இரண்டரை அங்குல வட்ட பிளேடு. பற்கள் மிகவும் பொடி. இடமும் வலமும் சாய்க்கப்படாமல் நேராகவே நிற்கின்றன. பிளேடுக்கு மூடி இல்லை, வேலைப்பொருள் மீது உட்காரும் அடித்தட்டும் இல்லை. ரம்பம் செய்தவன் கையைப் பற்றிக் கவலையே படவில்லை போலிருக்கிறது.

சிக்கல் இதுதான்: சுவிட்சைப் போட்டால் மோட்டார் அலறுகிறது, பிளேடு சுற்றவில்லை. கிடுகிடுவென்று நடுங்குகிறது, அவ்வளவுதான். பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் ஒரு ரீப்பர் துண்டில் வைத்தால் மயிரிழை அகலத்தில் கோடு விழுகிறது! சுற்றாத பிளேடு எப்படி அறுக்கும்?

பெயர்த்தகட்டில் நிறுவனத்தின் பெயர் சுரண்டிப் போயிருக்கிறது. 'கலமசூ, மிச்சிகன்', '115 வோல்ட்', 'ஏசி-டிசி' இவை மட்டும் தெரிகின்றன. காற்றுத் துளைகளில் வெள்ளைப் பொடி அடைத்திருக்கிறது. சுவருக்குப் பூசும் பட்டியா?

பழைய ரம்பம்

கலமசூ என்றால் பேண்ட்சா (பட்டை ரம்பம்), அண்ணா. அந்தப் பெயரில் இரும்புக்கம்பி அறுக்கும் பேண்ட்சா அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது, கோவைப் பட்டறை ஒன்றில் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அதே நிறுவனத்தின் கை ரம்பமாக இருக்கலாம். பல்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்.

சீரிஸ் பல்பு

முதலில் ஒரு கேள்வி. 115 வோல்ட் கருவியை நேராக நம் வீட்டு பிளக்கில் செருகினீர்களா?

கருவேலமரம்

ஆமாம். இரண்டு மூன்று முறை. கொஞ்சம் கருகிய வாடை வந்தது.

சீரிஸ் பல்பு

வராமல் என்ன செய்யும்! நம் வீட்டில் வருவது 230. மோட்டாருக்கு இரண்டு மடங்கு தீனி போட்டிருக்கிறீர்கள், அலறியதற்கு அதுதான் காரணம். இன்னும் அரை நிமிடம் ஓடியிருந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரில் சுற்றும் கம்பிச்சுருள்) கருகி என் மேசைக்கு வந்திருக்கும். மோட்டார் வைண்டிங்தான் என் பிழைப்பு. இருந்தாலும் இப்படி வரும் காசு வேண்டாம்.

'ஏசி-டிசி' என்று போட்டிருப்பதால் இது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். மின்சாரம் அமெரிக்காவில் விநாடிக்கு 60 சைக்கிள், இங்கே 50 என்பது இதற்குப் பொருட்டல்ல. வோல்ட் மட்டும்தான் முக்கியம். 115க்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர் கிடைக்கும் வரை, சீரிஸ் போர்டில் 200 வாட் குண்டு பல்பு போட்டு அதன் வழியாக ஓட்டுங்கள். உலோக உடம்பு, இரண்டு முள் பிளக் என்றால் எர்த் இருக்காது. ரப்பர் செருப்பு இல்லாமல் தொடாதீர்கள்.

ஓட்டும் முன் பிளேடின் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு என்ன ஆகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மற்ற யூகமெல்லாம் அப்புறம்.

கருவேலமரம் (செவ்வாய், மதியம்)

செய்து பார்த்தேன். கோடு அதே இடத்தில் நிற்கிறது, ஐயா! மையத்தில் மெல்லியதாகவும் விளிம்பை நோக்கிப் போகப் போகச் சற்று அகலமாகவும், சின்ன விசிறி விரித்தது போலத் தெரிகிறது. நிறுத்தினால் மறுபடி ஒற்றைக் கோடு.

சீரிஸ் பல்பு

அப்படியானால் பல்சக்கரம் தேயவில்லை. பிளேடு இடமும் வலமுமாகச் சில பாகை மட்டும் போய்த் திரும்புகிறது, அதுவும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. உள்ளே மோட்டார் அச்சின் நுனியில் மையம் விலகிய ஓர் உருளை இருக்கும், அதை ஒரு கவை கவ்விக்கொண்டிருக்கும். உருளை சுற்றச் சுற்றக் கவை ஆடும், கவையோடு பிளேடும் ஆடும். பழுதில்லை, இதன் அமைப்பே இதுதான். எதற்காக இப்படிச் செய்தார்கள் என்பதை வேறு யாராவது சொல்லட்டும்.

மாவுக்கட்டு

நான் சொல்கிறேன். எலும்பு முறிவுப் பிரிவில் கட்டுப் போட்டும் பிரித்தும் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி, உங்கள் கையில் இருப்பது மர ரம்பம் இல்லை, மாவுக்கட்டு வெட்டும் ரம்பம். துளைகளில் இருக்கும் வெள்ளைப் பொடி பட்டி இல்லை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். யார் யாருடைய கை, கால் கட்டிலிருந்து வந்ததோ!

கலமசூ என்று படித்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்ற எலும்பு மருத்துவர் அந்த ஊர்க்காரர். இருந்த கருவிகளில் திருப்தி இல்லாமல் தாமே செய்துகொள்கிற ரகம். ஆடும் பிளேடு வைத்து மாவுக்கட்டு வெட்டும் இந்த ரம்பத்துக்கு 1947இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பெரிய கத்தரியும் கத்தியும்தான். கட்டுப் போட்டபோது அழாத பிள்ளைகள்கூடப் பிரிக்கும்போது அழும்.

இதன் சூட்சுமம் இந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது. காய்ந்த மாவுக்கட்டு அசையாது, அதனால் பல் அதைக் கடித்துவிடும். தோல் அப்படியில்லை. பிளேடு நகரும் அந்தச் சிறு தூரத்துக்குத் தோலும் கூடவே நகர்ந்து கொடுத்துவிடும், பல்லுக்குப் பிடி கிடைக்காது. கட்டுக்கு அடியில் பஞ்சு வேறு சுற்றியிருப்போம். பயந்த பிள்ளைகளிடம் முதலில் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

உடனே நீங்களும் வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளங்கை மெத்தென்று இருப்பதால் தப்புகிறது. கணுக்கால் போல எலும்பின் மேல் தோல் இழுத்துப் பிடித்த இடத்தில் வெட்டிவிடும். இன்னொன்று, பிளேடு சூடாகும். கட்டின் மேல் அழுத்துவோம், உள்ளே இறங்கியது தெரிந்ததும் தூக்குவோம், அடுத்த இடத்துக்குப் போவோம். கோடு இழுப்பது போலத் தொடர்ந்து இழுத்தால் தோல் பொசுங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

பழைய ரம்பம்

மாவுக்கட்டு ஐயா சொன்ன பிறகு நான் என்ன சொல்வது? பேண்ட்சாவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பிணப் பரிசோதனையில் மண்டையோட்டைத் திறப்பதும் இதே போன்ற ரம்பத்தால்தானே?

கருவேலமரம்

ஐயோ! இதை என் வீட்டம்மா படித்துவிட்டார். ரம்பம் இப்போது வாசலுக்கு வெளியே, துளசிமாடத்துக்கும் அப்பால் இருக்கிறது.

மாவுக்கட்டு

அவர் சொல்வது பொய்யில்லை. பொறிமுறை ஒன்றுதான், அங்கேயும் ஆடும் பிளேடுதான். ஆனால் விசிறி போல விரிந்த பெரிய பிளேடும் அங்கே அதிகம் புழங்கும். உங்களுடையது சிறிய வட்ட பிளேடு, அடைத்திருப்பதும் மாவு. கட்டு அறையில் இருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இனி உதவாது என்று ஒதுக்கிய பொருள்களை மருத்துவமனையில் ஏலம் விடும்போது இப்படி இரும்புக் கடைக்குப் போவது உண்டு. வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் பழைய பிளேடை வைத்துக்கொள்ள வேண்டாம், கழற்றிப் போட்டுவிடுங்கள். பொடியைத் துடைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். வாயால் ஊதாதீர்கள்.

சீரிஸ் பல்பு

மரவேலைக்காரரான உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கதவு நிலையின் அடியை அறுக்க, சுவர் ஓரத்துப் பலகையை வெட்ட இப்போது எல்லோரும் 'மல்டி டூல்' வைத்திருக்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967இல் ஆடும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவும் முதலில் மாவுக்கட்டு வெட்டத்தான். மருத்துவமனைக் கருவி பட்டறைக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது.

கருவேலமரம்

மல்டி டூல் என்னிடமும் இருக்கிறது! நான்கு வருடமாகக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பாட்டனைக் கண்டதும் பழுது என்றேனே. அப்படியானால் மல்டி டூல் பிளேடை இதில் மாட்டலாமா?

சீரிஸ் பல்பு

மாட்ட வேண்டாம். பிடிமானத் துளைகள் வேறு, சுண்டினால் பிளேடு பறக்கும். இது ஒரு அங்குல மரத்துக்கே திணறும்.

கருவேலமரம் (வெள்ளி, மாலை)

தகவல் சொல்லத்தான் வந்தேன். திறந்து பார்த்தேன். சீரிஸ் பல்பு ஐயா சொன்னபடியே உருளையும் கவையும் இருந்தன, பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப் புது கிரீஸ் வைத்தேன். ஒரு கார்பன் பிரஷ் பாதிதான் மிச்சம், அடுத்த வாரம் மாற்றுவேன். ரேடியோ பழுது பார்க்கும் நண்பரிடம் 115 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதில் போட்டால் அலறல் இல்லை, வண்டு ரீங்காரம் போல ஓடுகிறது. பழைய பிளேடைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

வீட்டம்மா ரம்பத்தைப் பட்டறை வரை அனுமதித்திருக்கிறார், வீட்டுக்குள் இல்லை. என் மகனுக்குப் போன வருடம் சைக்கிளில் விழுந்து கை முறிந்தது. கட்டைப் பிரித்தபோது பெரிய சத்தம் வந்ததாகவும், கூச்சமாக இருந்ததே தவிர வலிக்கவில்லை என்றும் சொல்வான். அப்போது நான் வெளியே வராந்தாவில் நின்றிருந்தேன். இன்று சத்தத்தைக் கேட்டதும் பட்டறைக்குள் ஓடி வந்து, "அப்பா, இது அதேதான்" என்றான்.

மாவுக்கட்டு

கட்டு வெட்டும் அறைக்குள் அப்பாக்கள் வரவே மாட்டார்கள், தம்பி. அம்மாக்கள்தான் வருவார்கள்.