கையெழுத்துக்கு மட்டும் தேடி வருகிறார்கள்

திருப்பூர் அம்மா:
பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. பனியன் கம்பெனியில் அந்த நேரத்துக்கு யார் விடுவார்கள்? போன மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தீர்மானப் பதிவேடு வீடு தேடி வந்தது. பள்ளி மானியத்தில் சுற்றுச்சுவருக்கு வர்ணம் அடிப்பதாக எழுதியே முடித்திருந்தார்கள். என் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி. அங்கே கையெழுத்துப் போட வேண்டுமாம். பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றேன். "அதை அடுத்த முறை பார்க்கலாம் அக்கா, இன்னும் நான்கு வீடு போக வேண்டும்" என்று பேனாவை நீட்டினார். அந்தப் புள்ளிதான் இன்னும் உறுத்துகிறது.

தருமபுரி, குழுத் தலைவி:
எல்லாப் பழியும் எங்கள் மேலா? குடிநீர்த் தொட்டி மூடி உடைந்து கிடந்தது. சொல்லி அனுப்பியும் நான்கைந்து பேர்தான் வந்தார்கள். வாங்கிப் போட்ட மறுநாள் ஓர் அப்பா பள்ளி வாசலில் நின்று, "யாரைக் கேட்டுச் செலவு செய்தீர்கள்?" என்று சத்தம் போட்டார். உங்கள் பையன் எந்த வகுப்பு என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
தலைவி அம்மா, வகுப்பு தெரியாவிட்டாலும் அவர் பெற்றோர்தானே? குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் வைத்ததே கேட்டுச் செய்வதற்காகத்தான். திருப்பூர் சகோதரி, ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. 101 முதல் 250 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு மானியம் 50,000 ரூபாய், அப்படியானால் 5,000. தாழ்ப்பாளை அந்தக் கணக்கில் கேளுங்கள். கூட்டத்துக்கு முந்தைய வாரமே, காலையில் பிள்ளையை விட வரும்போது, "எது முதலில் வேண்டும்?" என்று ஒரே கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களை வேலை நடக்கும் இடத்திலேயே பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கவே கூடாது. இன்னும் எழுதுவேன், பேத்தி கைப்பேசியைக் கேட்கிறாள்.

குவைத்திலிருந்து ஓர் அப்பா:
ஐயா, வாசலுக்கே வர முடியாத எங்களை எங்கே பார்ப்பீர்கள்? மகள் படிப்பது தனியார் பள்ளி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஊர் நேரம் காலை பதினொன்றுக்குச் செய்தி: ஆண்டு விழா உடைக்குத் தலைக்கு 1,200 ரூபாய், மறுப்பு இருந்தால் மூன்று மணிக்குள் சொல்லவும். இங்கே அப்போது எட்டரை; கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலை எடுத்துப் பார்த்தால் வரிசையாகக் கட்டைவிரல்கள், கீழே "ஏகமனதாக முடிவு". வேறு வழி உண்டா என்று கேட்டு எழுதினேன். பதிலாக வந்தது பணம் கட்டும் க்யூஆர் குறியீடு.