60 ஹலேர் தபால்தலையில் இருக்கும் கல்தச்சர் யார்?

முத்தியால்பேட்டை மகள் கேட்டது:

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு தபால்தலை ஆல்பம் வாங்கினேன், 150 ரூபாய். பிரெஞ்சு படித்த யாரோ ஒரு பெரியவர் வைத்திருந்தது போலிருக்கிறது. ஒவ்வொரு தலைக்குக் கீழும் பென்சிலில் பிரெஞ்சுக் குறிப்பு. பிரெஞ்சிந்தியத் தலைகளை எனக்கு முன்பே யாரோ கழற்றி எடுத்துவிட்டார்கள். கிழக்கு ஐரோப்பாப் பக்கங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அதில் செக்கோஸ்லோவாக்கியா பக்கத்தில் 60 ஹலேர் தலை ஒன்று. வயதான மனிதர். கீழே உள்ள குறிப்பைப் பக்கத்து வீட்டு ஐயாவிடம் படிக்கச் சொன்னேன்: "ஸாபோதொட்ஸ்கி. கல்தச்சர். பிறகு குடியரசுத் தலைவர்."

என் அப்பா ரோடியர் மில்லில் 31 வருடம் தறி ஓட்டியவர். வயது 84. இப்போது கட்டிலோடு சரி. லென்சை வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கல்லு கொத்துறவன் நாட்டுக்கே தலைவனா? யாரும்மா இவரு, நல்லவரா?" என்று கேட்டார். இணையத்தில் தேடினால் பதவி, வருடம் என்று நாலு வரிதான் கிடைக்கிறது. தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் என்று ஓர் இடத்தில் போட்டிருந்ததைச் சொன்னேன். அப்பா தலையணையில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். மில்லில் யூனியன் சந்தா வசூலித்தவர் அவர்.

தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுவதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

குறிஞ்சிப்பாடி தபால்தலை:

அந்தோனின் ஸாபோதொட்ஸ்கி. 1953 முதல் 1957 வரை செக்கோஸ்லோவாக்கியாவின் குடியரசுத் தலைவர். ஹலேர் என்பது அப்போது அவர்கள் ஊரில் புழங்கிய காசு. 100 ஹலேர் ஒரு கொருனா. இது அன்றாடக் கடிதங்களுக்கு ஒட்டிய சாதாரணத் தலை, பெரிய விலை போகாது. ஆனால் லென்சில் பார்த்தால் முகத்தில் கோடு கோடாகச் செதுக்கிய வேலை தெரியும். அந்த நாட்டுத் தலைகளுக்கு அந்த வேலைப்பாட்டால்தான் பேர். மனிதரைப் பற்றி எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது.

மஞ்சக்குப்பம் வெல்டர்:

அம்மா, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பம். 1967-இல் 19 வயதில் திருச்சி பாய்லர் ஆலையில் வெல்டிங் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அந்த ஆலையைக் கட்ட உதவியதே செக்கோஸ்லோவாக்கியாதான். அந்த நாட்டு ஸ்பெஷலிஸ்டுகள் எங்களோடு ஷாப்பில் நின்று வேலை சொல்லிக் கொடுத்தார்கள். ஸாபோதொட்ஸ்கி என்ற பேரை நான் முதலில் கேட்டது அவர்களில் ஒருவர் வாயால்தான். பிர்னோ ஊர்க்காரர். அதனால் எனக்கு நீளமாகத்தான் எழுத வரும்.

அவர் பிறந்தது 1884 டிசம்பர் 19, ஸாகொலானி என்ற கிராமம். பக்கத்துப் பெரிய ஊர் கிளாட்னோ. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் உள்ள ஊர். நம் நெய்வேலிக்குள் ஓர் உருக்காலையையும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா தையல்காரர். செக் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதற்காகவே அப்போது அந்தப் பகுதியை ஆண்ட ஆஸ்திரிய அரசு அவரைப் பிராக் நகரத்தை விட்டுத் துரத்தியது. மகன் கல் கொத்தும் தொழில் கற்றார். ஆல்பத்துக்காரர் எழுதியது சரிதான்.

1920 டிசம்பரில் கிளாட்னோவில் பொது வேலைநிறுத்தம். முன்னால் நின்றதற்காக இவர் சிறைக்குப் போனார். அடுத்த வருடம் கம்யூனிஸ்ட் கட்சி உருவானது. 1922 முதல் 1925 வரை அதன் பொதுச் செயலாளர். பிறகு நாடாளுமன்றம். 1929-இலிருந்து சிவப்புத் தொழிற்சங்கங்களின், அதாவது கம்யூனிஸ்ட் சார்புச் சங்கங்களின் தலைமை. 1939-இல் ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்ததும் போலந்துக்குத் தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டார். 1940 முதல் போர் முடியும் வரை சாக்ஸன்ஹவுசன் வதைமுகாம். அந்த ஐந்து வருடத்தை யாரும் அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது. உங்கள் அப்பாவிடம் இதை நிறுத்திப் படியுங்கள்.

போர் முடிந்து வந்ததும் நாட்டின் ஒரே தொழிற்சங்க அமைப்புக்குத் தலைவர் ஆனார். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் அல்லாத அமைச்சர்கள் 12 பேர் ராஜினாமா செய்தபோது அந்த அமைப்புதான் ஆட்டத்தை முடித்தது. பிப்ரவரி 22 ஆலைக் கமிட்டிகளின் மாநாடு பிராகில் கூடியது. 24-ஆம் தேதி நாடு முழுக்க ஒரு மணி நேரம் வேலைநிறுத்தம். 25-ஆம் தேதி குடியரசுத் தலைவர் பெனேஷ் விட்டுக்கொடுத்து அந்த ராஜினாமாக்களை ஏற்றுக்கொண்டார். ஆட்சி முழுவதும் கட்சி கைக்கு வந்தது. ஜூனில் அதுவரை பிரதமராக இருந்த கட்சித் தலைவர் கோட்வால்ட் குடியரசுத் தலைவர், நம் கல்தச்சர் பிரதமர்.

யூனியன் கைக்கு அரசாங்கமே வந்தது என்று உங்கள் அப்பாவுக்கு இந்த இடத்தில் சந்தோஷம் வரும். 20 வயதில் எனக்கும் வந்தது. ஆனால் அதற்கப்புறம் அந்த நாட்டில் எந்த மில்லிலும் யூனியன் கொடி பிடித்து ஒரு வேலைநிறுத்தம் நடத்த முடியவில்லை. யூனியன் வேலை உற்பத்தி இலக்கை எட்டவைப்பது என்று ஆகிவிட்டது. இவர் பிரதமராக இருந்தபோதுதான் 1950 ஜூனில் மிலாடா ஹொராகோவா என்ற பெண் அரசியல்வாதியைத் தூக்கிலிட்டார்கள். நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர் அந்த அம்மா. 1952 டிசம்பரில் சொந்தக் கட்சிப் பொதுச் செயலாளராக இருந்த ஸ்லான்ஸ்கி உள்பட 11 பேர். எல்லாம் முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்யவைத்த வாக்குமூலங்கள். வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படித் தாங்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, பிர்னோக்காரர் சொன்னதுக்கு வருகிறேன்.

1953 மார்ச் 5 ஸ்டாலின் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் போய்வந்த கோட்வால்ட் மார்ச் 14 இறந்தார். 21-ஆம் தேதி ஸாபோதொட்ஸ்கி குடியரசுத் தலைவர். அந்த மே மாதக் கடைசியில் பணத்தை மாற்றப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜனங்கள் கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தார்கள். அப்போது இவர் வானொலியில் வந்து பேசினார். நம் நாணயம் உறுதியானது, மாற்றம் எதுவும் கிடையாது, எல்லாம் எதிரிகள் கிளப்பும் வதந்தி என்றார். மறுநாளே மாற்றத்தை அறிவித்துவிட்டார்கள். புதிய நோட்டுகள் சோவியத் நாட்டில் அச்சாகி ஏற்கனவே வந்து இறங்கியிருந்தன.

கணக்கு இது. கூலியும் விலையும் 5 பழைய கொருனாவுக்கு 1 புதியது. கையில் உள்ள ரொக்கத்தில் ஆளுக்கு 300 வரைக்கும் அதே 5-க்கு 1. அதற்கு மேல் இருந்தால் 50-க்கு 1.

பிர்னோக்காரரின் அம்மா தையல் மெஷின் வாங்க வீட்டில் 6,000 கொருனா சேர்த்து வைத்திருந்தாராம். வானொலியில் தலைவர் பேசியதைக் கேட்டு நம்பி, சும்மா இருந்துவிட்டார். திங்கட்கிழமை வரிசையில் நின்று மாற்றினார். முதல் 300-க்கு 60. மீதி 5,700-க்கு 114. மொத்தம் 174. விலைவாசிக் கணக்கில் அந்த 6,000-க்கு 1,200 வந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை அவர் ஒரு எலக்ட்ரோடு பெட்டி அட்டையில் எனக்கு எழுதிக் காட்டினார். அது 1968 ஆகஸ்ட், சோவியத் டாங்குகள் பிராகுக்குள் நுழைந்த செய்தி வந்த வாரம். அதுவரை அரசியலே பேசாத மனிதர், அன்று மதியச் சாப்பாட்டை எடுக்காமல் உட்கார்ந்து பேசினார். "பணம் போனதை அம்மா மறந்துவிட்டாள். அந்தக் குரலை மறக்கவில்லை. கிளாட்னோக்காரர் பொய் சொல்லமாட்டார் என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்" என்றார்.

அதே திங்கட்கிழமை, ஜூன் 1, பில்சன் நகரத்தில் ஸ்கோடா ஆலைத் தொழிலாளர்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஊர்வலமாக வந்தார்கள். நகர்மன்றத்துக்குள் புகுந்து ஸ்டாலின், கோட்வால்ட் சிலைகளை ஜன்னல் வழியாக வெளியே வீசினார்கள். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக், அடுத்து வந்த பெனேஷ் படங்களைத் தூக்கிப் பிடித்தார்கள். அன்று மாலைக்குள் ராணுவமும் கட்சியின் ஆயுதப் படையும் அதை அடக்கிவிட்டன. ஆலைக்கு அப்போது பேர் லெனின் ஆலை. வேலைநிறுத்தம் செய்து சிறை போனவர் தலைவராக இருந்த நாட்டில் நடந்தது இது.

நல்லது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. அந்த வருடம் ஆகஸ்ட் 1 கிளீசவா அணையில் பேசும்போது, விவசாயிகளைக் கட்டாயப்படுத்திக் கூட்டுப்பண்ணையில் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். கட்சிக்குள் அவரை மேலே போகவிடவில்லை. அதிகாரம் கட்சியின் முதல் செயலாளர் நோவோட்னியிடம் இருந்தது. அக்கார்டியன் வாசிப்பார், ஜனங்களோடு உட்கார்ந்து பேசுவார், கிளாட்னோத் தொழிலாளர்களைப் பற்றி நாவல்கள் எழுதினார். 1957 நவம்பர் 13 பதவியிலேயே இறந்தார். அடுத்தவர் அந்த நோவோட்னியே.

நல்லவரா என்று அப்பா கேட்டதற்கு என் பதில்: 1945 வரைக்கும் நான் அவருக்காக எழுந்து நிற்பேன். அதற்கு அப்புறம் முடியவில்லை.

லாஸ்பேட்டை வாசகர்:

வெல்டர் ஐயா, போரில் அச்சடித்துக் குவிந்த பணம், ரேஷன் கடை ஒரு விலை வெளிக்கடை ஒரு விலை என்ற குழப்பம், இதையெல்லாம் சரிசெய்ய எந்த அரசு வந்திருந்தாலும் பணத்தை மாற்றித்தான் இருக்கும். மேற்கு ஜெர்மனியே 1948-இல் செய்தது. 1953 மாற்றத்தோடு ரேஷன் முறையும் ஒழிந்தது. முன்கூட்டியே உண்மையைச் சொல்லியிருந்தால் பதுக்கல்காரன் தப்பித்திருப்பான். 2016 நவம்பர் 8 ராத்திரி நமக்கு யாராவது முன்னாலேயே சொன்னார்களா? ஒரு மனிதர் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகப் படவில்லை.

மஞ்சக்குப்பம் வெல்டர்:

தம்பி, பணத்தை மாற்ற வேண்டிய காரணம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 2016-இல் நானும் கடலூரில் மூன்று நாள் வரிசையில் நின்றேன். கூலிக்காரர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் வங்கியில் கட்டிய 500 ரூபாய் கணக்கில் 500 ரூபாயாகவே ஏறியது. அங்கே ரொக்கம் ஐம்பதில் ஒன்றாகச் சுருங்கியது. அரசுக் கடன்பத்திரம், போருக்குப் பின் முடக்கிவைத்த பழைய சேமிப்பு எல்லாம் ஒரேயடியாக ரத்து. பெரிய முதலாளிகளின் ஆலைகளை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அப்புறம் வீட்டில் பணம் வைத்திருந்தது யார்? ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தவன்தான். ஸ்கோடா ஆலையில் மெஷினை நிறுத்தியவர்கள் பதுக்கல்காரர்களா?

ரகசியம் காக்க வேண்டியிருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். வானொலிக்கு வராமல் இருந்திருக்கலாம். ஜனங்கள் நம்பும் குரல் என்பதால்தான் அவரைப் பேசவைத்தார்கள், அவரும் பேசினார். என் வருத்தம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நானும் யூனியனில் 22 வருடம் இருந்தவன். கேட்டில் நின்று நான் சொன்னதை நம்பி ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு கனமானது என்று தெரியும்.

முத்தியால்பேட்டை மகள்:

நேற்று சாயங்காலம் முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். வதைமுகாம் இடத்தில் ஒரு முறை, தையல் மெஷின் கணக்கில் ஒரு முறை. 174-ஐ அவரே விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

என் தாத்தா சவானா மில்லில் இருந்தவர். 1936 ஜூலை 30 பிரெஞ்சுக்காரர்கள் சுட்டு 12 பேர் செத்த அன்று உள்ளே இருந்தார். தொழிலாளர் தலைவர் சுப்பையா பின்னால் நின்ற ஆட்களில் ஒருவர். அதற்கப்புறம்தான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. அப்பா அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர். வருடா வருடம் அந்த நாளில் சட்டைப்பையில் கறுப்புத் துணி குத்திக்கொள்வார்.

எல்லாம் கேட்டு முடித்து ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நம்மளச் சுட்டது வெள்ளக்காரன். அவங்களுக்கு இது சொந்தக்காரன் செஞ்சது. அது ஆறாது."

லாஸ்பேட்டை அண்ணன் எழுதியதையும் படித்தேன். "அவர் சொல்றதிலயும் ஞாயம் இருக்கு, வெட்டாமப் படி" என்றார்.

வெல்டர் ஐயாவுக்கு அப்பாவிடமிருந்து ஒரு கேள்வி. அந்த ஸ்கோடா ஆலைக்காரர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்களா?

மஞ்சக்குப்பம் வெல்டர்:

அம்மா, நூற்றுக்கணக்கில் பிடித்தார்கள். நிறைய பேருக்குச் சிறை. சிலருடைய குடும்பங்களைப் பில்சன் ஊரை விட்டே வெளியேற்றினார்கள். மற்றவர்கள் மறுநாள் அதே கேட் வழியாக ஷிஃப்டுக்குப் போனார்கள், புதிய கொருனாவில் கூலி வாங்கினார்கள்.

அடுத்த மாதம் புதுச்சேரிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சிரமம் இல்லை என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். அந்தத் தலையையும் நான் லென்சில் ஒரு முறை பார்க்க வேண்டும். முகாமில் ஐந்து வருடம் கழித்த முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை சரியாகப் பார்த்ததில்லை.